கரடி வேட்டைக்கு எந்த ரைஃபிள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரும் வசந்தத்தில் அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கு, வழிகாட்டியோடு பழுப்புக் கரடி வேட்டைக்குப் போகிறேன். மான் வேட்டைக்குப் பல வருடமாக வைத்திருக்கும் .30-06 போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது) என்னிடம் இருக்கிறது. ".375 ஹெச் அண்ட் ஹெச் இல்லாமல் போகாதே" என்கிறார்கள் நண்பர்கள். புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். குண்டின் விட்டம் .338 அங்குலத்துக்குக் குறைந்தால் கூட்டிப்போக மாட்டேன் என்பவர்களும் உண்டு. அவர் சொல்வதே முடிவு. அப்படி நிபந்தனை இல்லையென்றால் கைக்குப் பழகிய .30-06 போதும். கோடியாக்கின் பெரிய ஆண் கரடி 600 கிலோவையும் தாண்டும். அதைச் சாய்ப்பது சரியான இடத்தில் ஆழமாக இறங்கும் குண்டுதான். பெரிய தோட்டா கெட்ட குறியைத் திருத்தாது.

மூன்றரைக் கிலோ ரைஃபிளில் .30-06 தோளில் கொடுக்கும் உதை ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. .338 வின்செஸ்டர் மேக்னத்தில் அது 30ஐத் தாண்டும்; .375 ஏறத்தாழ 40ஐத் தொடும். பழகாத தோள் அடிக்கு முன்னாலேயே சுருங்கும், கண் மூடும், குழல் தாழும். இது உங்களிடம் இருக்கிறதா என்று சுடுதளத்திலேயே பார்த்துவிடலாம். நீங்கள் பார்க்காதபோது நண்பர் ஒருவர் நிஜத் தோட்டாக்களோடு வெடிக்காத டம்மித் தோட்டாக்களையும் கலந்து மேகசினில் போடட்டும். டம்மி வரும்போது 'கிளிக்' சத்தத்தோடு குழல் முனை குனிந்தால், அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இன்னும் ஆகவில்லை.

மேக்னம்தான், அதாவது இந்தப் பெரிய தோட்டாத் துப்பாக்கிதான், வேண்டுமென்றால் நாலைந்து மாதம் முன்பே வாங்கிப் பழகுங்கள். .338இல் 250 கிரெய்ன் (16 கிராம்), .375இல் 300 கிரெய்ன் (19 கிராம்) குண்டு எடுக்கலாம். உதையைக் குறைக்கக் குழல் முனையில் மஸில் பிரேக் பூட்ட வேண்டாம். அருகில் நிற்கும் வழிகாட்டியின் காதுதான் அதற்கு விலை கொடுக்கும்.

கேள்வி: மானுக்கு வாங்கிய 150 கிரெய்ன் தோட்டாக்கள் மீதமிருக்கின்றன. அவற்றையே எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காலிபரை (குழலின் விட்டத்தை) பற்றிச் சண்டை போடுபவர்கள் கவனிக்கத் தவறுவது குண்டின் கட்டமைப்பைத்தான். மெல்லிய செப்பு உறையும் மென்மையான ஈயமும் கொண்ட மான் குண்டு, பட்டவுடன் விரிவதற்கென்றே செய்யப்பட்டது. கரடியிடம் அடர்ந்த மயிர், கொழுப்பு, தசை, அதற்குள் கனத்த தோள் எலும்பு. அந்தக் குண்டு பாதி வழியிலேயே சிதறி, நுரையீரலுக்குப் போகாமல் நின்றுவிடும்.

.30-06க்கு 200 அல்லது 220 கிரெய்னில் மூன்று வகைகளில் ஒன்றைத் தேடுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நோஸ்லர் பார்ட்டிஷன்: முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் உள்ளே போகும். ஈயத்தை உறையோடு ஒட்டிச் செய்த பாண்டட் குண்டு அடுத்தது. மூன்றாவது, முழுக்கச் செம்பால் ஆனது. எடை அதிகம் இழக்காது என்பதால் இதில் 180 கிரெய்னே போதும்.

ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இருபது தோட்டா கொண்ட மூன்று பெட்டிகள் வாங்குங்கள். குண்டு மாறினால் படும் இடமும் மாறும். பழைய ஸ்கோப் அளவை நம்பாமல் புதிதாகச் சீர்செய்யுங்கள். 100 கஜத்தில் நேராகப் படும்படி வைத்தால் 200இல் நான்கு முதல் ஆறு அங்குலம் தாழும். கரடியைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் சுடுவீர்கள் என்பதால் இது போதுமானது.

கேள்வி: ஸ்கோப் எது?

பதில்: 1.5-6 அல்லது 2-7 உருப்பெருக்கம். ஆல்டர் புதரில் நடக்கும்போது குறைந்த அளவிலேயே வைத்திருங்கள். பெரிய அளவில் விட்டுவிட்டு இருபது கஜத்தில் கரடியைப் பார்த்தால் தெரிவது மயிர் மட்டும்தான். இரவில் துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். ஈரம் லென்ஸிலும் போல்ட்டிலும் படிந்து, மறுநாள் வெளியே உறைந்துவிடும். குழல் வாயில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் மழை உள்ளே போகாது.

கேள்வி: குறி எங்கே? சுட்ட பிறகு என்ன செய்வது?

பதில்: பக்கவாட்டில் நிற்கும் கரடியின் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் உயரத்தில். பழுப்புக் கரடியின் திமிலும் நீண்ட மயிரும் உயரத்தைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மேலே சுட்டவர்கள் பலர். தோள் எலும்பை உடைக்கச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. உங்களுடையவர் எதைச் சொல்கிறாரோ அதை முந்தைய நாளே படம் வரைந்து தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் குண்டு போனதும் எட்டிப் பார்க்கத் துப்பாக்கியைத் தாழ்த்தாதீர்கள். தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டைக் கடைசிவரை இழுத்துத் தள்ளி, வழிகாட்டி நிறுத்தச் சொல்லும்வரை சுடுங்கள். அவசரத்தில் போல்ட்டைப் பாதி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறாது, வெற்று அறைதான் கிளிக் என்னும். ஆகவே வேட்டைக்குரிய கனமான தோட்டாவையே மேகசின் நிறையப் போட்டு, உட்கார்ந்தும் மண்டியிட்டும் வேகமாகப் பழகுங்கள். மேசையில் சாய்ந்து சுட்டு வாங்கிய மதிப்பெண் புதருக்குள் உதவாது. காயம்பட்ட கரடியைத் தேடி அந்தப் புதருக்குள் முதலில் நுழைய வேண்டியவர் உங்கள் வழிகாட்டி. கோடியாக் உள்ளிட்ட சில பகுதிகளில், கிடைக்காமல் போன காயம்பட்ட கரடியும் உங்கள் கணக்கில் சேரும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ரைஃபிளை எடுத்துப் போவது எப்படி?

பதில்: அமெரிக்காவுக்குள் தற்காலிகமாகக் கொண்டுவர ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி அமைப்பு) படிவம் 6என்ஐஏ ஒப்புதல் பெற வேண்டும், பல வாரங்கள் முன்பே அனுப்புங்கள். குடியேற்றமற்ற விசாவில் வருபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்குக் கிடைக்கும். உரிமத்தின் நகலைப் படிவத்தோடு இணையுங்கள். விமானத்தில் குண்டில்லாத ரைஃபிள் பூட்டிய கெட்டிப் பெட்டியில் போக வேண்டும். தோட்டா அதன் சொந்த அட்டைப்பெட்டியில், பெரும்பாலான சர்வதேச விமானங்களில் ஒருவருக்கு 5 கிலோ வரை. முகாமில் இறங்கியதும் காகிதத்தில் மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். பெட்டி எங்காவது விழுந்து ஸ்கோப் நகர்ந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.