ஸ்டாப்வாட்ச்சில் முதுகை அளக்கிறார்களே!

கேள்வி: என் கணவருக்கு வயது 46, லாரி ஓட்டுகிறார். கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எம்ஆர்ஐயில் வந்தது. பிசியோதெரபிக்குப் போன இடத்தில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே கட்டிலுக்கு வெளியே நீட்டச் சொல்லி, ஸ்டாப்வாட்ச் பார்த்து '38 விநாடி' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் இருக்கும்போது இது எதற்கு? முதுகில் பலமே இல்லையா? வீட்டில் நாங்களே பார்க்கலாமா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: டிஸ்க் எங்கே பிதுங்கியிருக்கிறது என்று எம்ஆர்ஐ காட்டும். முதுகுத் தசை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதில் தெரியாதம்மா.

இந்தச் சோதனைக்கு டென்மார்க் மருத்துவர் பியரிங்-சோரன்சன் பெயர். 1984-இல் வெளிவந்த அவரது ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. காலைப் பட்டையால் கட்டி, கைகளை மார்பில் மடித்து, உடம்பைத் தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். 240 விநாடியோடு நிறுத்திவிடுவோம். பலத்தை விட, தாக்குப்பிடிப்பதைத்தான் இது அளக்கிறது. பொதுவாக இதில் பெண்கள் ஆண்களை முந்திவிடுவார்கள். தொப்பை உள்ளவருக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டிய எடையும் கூடுதல்!

38 குறைவுதான். ஆனால் ஏன் இறக்கினார்? தசை நடுங்கிக் களைத்தா, வலி சுரீரென்று காலுக்கு இறங்கியா, டிஸ்க் இன்னும் பிதுங்கிவிடுமோ என்ற பயத்திலா? என்னிடம் வருபவர்களை உடனே இதைத்தான் கேட்பேன். பதிலை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பேன். பயந்து இறக்கியவருக்கும் களைத்து இறக்கியவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் வேலைக்காகாது. அப்புறம், விநாடியை வாய்விட்டு எண்ணச் சொல்வேன். இல்லையென்றால் மூச்சை அடக்குவார்கள், பிரஷர் எகிறும்.

பெரிய மையங்களில் இடுப்பைக் கட்டி உட்காரவைத்து, முன்னும் பின்னும் தள்ளச் சொல்லி விசையை அளக்கும் மெஷின் உண்டு. சாதாரணமாக வயிற்றுத் தசையை விட முதுகுத் தசைக்கு விசை அதிகம். நாள்பட்ட முதுகுவலியில் அந்த வித்தியாசம் குறைந்துபோவதுண்டு. உங்கள் கணவருக்கு அந்தச் செலவு இப்போது வேண்டாம். சில வாரம் பயிற்சி செய்துவிட்டு, அதே இடத்தில் அதே முறையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய எண்ணோடுதான், பக்கத்து வீட்டுக்காரரோடு அல்ல.

வீட்டில் வேண்டவே வேண்டாம். காலை நீங்கள் பிடித்துக்கொண்டாலும் வழுக்கினால் முகம்தான் தரையில் படும். கால் மரத்து பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ சோதனை, பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.