முதல் டூம் மேப்பைப் பார்த்து என்ன சொல்வது: கேள்வி பதில்

ஆரணியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி, 1993-இல் வந்த டூம் என்ற கணினிச் சுடும் விளையாட்டுக்குத் தான் செய்த முதல் மேப்பை, அதாவது ஆடும் களத்தை, அனுப்பியிருந்தார். வேலூர்க் கோட்டைதான் மாதிரி. சுற்றிலும் அகழி, ஒரு பாலம், நடுவில் பெரிய வெளி, மண்டபம், கடைசியில் ஒரு குறுகலான நடை. ஆடிப் பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. நான் நான்கு முறை ஆடினேன்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, முதல் தடவை ஆடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் கால் எங்கே தயங்குகிறது என்பதை. சுவர் அழகை அப்புறம் பார்க்கலாம். "இனி எங்கே போவது?" என்று நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மேப்பில் பாலம் தாண்டியதும் மண்டபத்து வாசல் மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. யாரும் சொல்லாமலே எல்லோரும் அங்கேதான் போகிறோம். டூமில் வெளிச்சம் 0 முதல் 255 வரை. முதல் மேப் செய்பவர்கள் பெரும்பாலும் எடிட்டர் (மேப் செய்யும் மென்பொருள்) தந்த ஒரே அளவை எல்லா அறைக்கும் விட்டுவிடுவார்கள். இவர் அப்படி விடவில்லை. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நன்றாக வந்தது எது என்று தெரியாவிட்டால், அடுத்த மேப்பில் அதையே எடுத்துவிடுவார்.

குடியாத்தத்திலிருந்து: அகழியில் விழுந்துவிட்டேன். ஜம்ப் செய்து ஏறினேன். இது குறையா?

பெரிய குறை. பழைய டூமில் ஜம்ப் கிடையாது. டூமை இன்றைய கணினியில் ஆட வைக்கும் ஜிஇசட்டூமில் அது உண்டு, அதில் ஆடியதால் தப்பித்தீர்கள். மேப்பை மதிப்பிடும்போது ஜம்ப்பை அணைத்துவிட்டு ஆடுங்கள். ஆட்டக்காரர் நடந்தே ஏறக்கூடிய உயரம் டூமின் அளவில் 24 அலகு. அகழிக் கரை இங்கே 32. அந்த 8 அலகால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. சாகவும் முடியாது, ஏறவும் முடியாது. பாலத்தின் ஓரத்தில் இரண்டு படி வைத்தால் போதும். இல்லையென்றால் விழுந்தவரைச் சீக்கிரம் கொல்லும் தரையாக அகழியை மாற்றலாம். நான் படியைத்தான் சொல்வேன். கோட்டையைப் பார்த்த நம் ஊர்க்காரர் யாருக்கும் அந்த அகழியில் இறங்கிப் பார்க்க ஆசை வரும்.

சத்துவாச்சாரியிலிருந்து: ஒரே ஒரு குண்டு சுட்டேன், மண்டபத்தில் இருந்த அத்தனை பூதங்களும் வாசலுக்கு வந்துவிட்டன. ஏன்?

டூமில் துப்பாக்கிச் சத்தம் ஒரு செக்டரிலிருந்து (மேப்பின் ஒரு பகுதி) அடுத்த செக்டருக்குப் பரவிக்கொண்டே போகும். மூடிய கதவு அதைத் தடுக்கும். திறந்த வாசல் தடுக்காது. இவர் மண்டபம் முழுக்கத் திறந்த வாசல். அதனால் நீங்கள் வாசலோரம் நின்று ஒவ்வொன்றாகச் சுட்டுவிடலாம். தூணுக்குத் தூண் ஒளிந்து சண்டை போடத்தான் அவர் அவ்வளவு தூண் வைத்திருக்கிறார், அதெல்லாம் வீண்.

இரண்டு வழி உண்டு. சத்தத்தைத் தடுக்கும் லைன்களை (செக்டர்களைப் பிரிக்கும் கோடுகள்) போடலாம். ஒன்று போட்டால் சத்தம் தாண்டிவிடும், வழியில் இரண்டாவதும் இருந்தால்தான் நிற்கும். புதியவர்கள் ஒன்றைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுவது இதனால்தான். இல்லையென்றால் தூணுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு ஆம்புஷ் குறி கொடுக்கலாம். சத்தம் கேட்டாலும் நம்மைக் கண்ணால் பார்க்கும்வரை அவை காத்திருக்கும். இந்த மண்டபத்துக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும்.

ஆம்பூரிலிருந்து: கடைசி நடையில் மூன்று பாரன் ஆஃப் ஹெல் பூதங்கள். பத்து முறை செத்தேன். என் கை சரியில்லையா?

உங்கள் கையில் குறை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாரனுக்கு 1000 உயிர்ப்புள்ளி. ஷாட்கன் ஒரு முறை சுட்டால் 7 சில்லும் பட்டாலும் சராசரியாக 70 போகும். மூன்றுக்கும் குறைந்தது 43 ஷெல் (ஷாட்கன் தோட்டா) வேண்டும். மேப் முழுக்கத் தேடி எனக்குக் கிடைத்தது 36, அதிலும் பாதி மண்டபத்திலேயே தீர்ந்துவிட்டது. பாரன்களை ஒன்றோடொன்று மோதவிட்டும் தப்ப முடியாது, ஒன்று எறியும் பச்சைப் பந்து இன்னொன்றைத் தாக்காது. நடையோ குறுகல், பந்து வந்தால் விலக இடமில்லை.

ஒரு பாரன் போதும், அதையும் பெரிய வெளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கஷ்டமாக இருக்கட்டும், ஆனால் ஜெயிக்க வழி இருக்கட்டும்.

வாலாஜாவிலிருந்து: கோட்டை நிஜ அளவில் இல்லையே?

இருக்க வேண்டாம். நிஜக் கோட்டை சுமார் 133 ஏக்கர். இப்போதே நடு வெளி 4000 அலகு அகலம். முழு வேகத்தில் ஓடினாலும் கடக்கக் கிட்டத்தட்ட 7 விநாடி ஆகிறது, வழியில் ஒன்றுமே இல்லை. ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைச் சொல்வார்களே, அது மேப்பிலும் வேண்டுமா? பாதியாகக் குறைக்கலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து: கதவு திறக்கும்போது பக்கத்துச் சுவரும் சேர்ந்து மேலே போகிறதே?

அந்த லைன்களுக்கு லோயர் அன்பெக்டு குறி (சுவர்ப் படம் கதவோடு நகராமல் நிறுத்துவது) போட்டால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை. இதற்காக மேப்பைத் தாழ்த்திச் சொல்லாதீர்கள்.

திருப்பத்தூரிலிருந்து: மோசம் என்று நேராகச் சொன்னால்தானே வளருவார்?

நான் என் முதல் மேப்பைக் காட்டியபோது ஒருவர் "குப்பை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எது குப்பை, எந்த அறை என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் எடிட்டரையே திறக்கவில்லை. குறையை மறைக்கச் சொல்லவில்லை. இடத்தோடு சொல்லுங்கள். "மேற்கு அகழிக் கரை, 32 அலகு, ஏற முடியவில்லை" என்றால் அன்றைக்கு ராத்திரியே திருத்திவிடுவார்.

அதைவிட நல்லது, உங்கள் ஆட்டத்தை டெமோவாகப் பதிந்து அனுப்புவது. பழைய டூம் டெமோ படமாகப் பதிவதில்லை. நீங்கள் தந்த கட்டளைகளை மட்டும், விநாடிக்கு 35 முறை, முறைக்கு 4 பைட் என்று எழுதிவைக்கும். பத்து நிமிட ஆட்டம் 84 கேபி அளவுதான் வரும். நீங்கள் எங்கே திரும்பினீர்கள், எங்கே முழித்தீர்கள் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

ஆரணியிலிருந்து, மேப் செய்தவரே: அண்ணா, இதையே திருத்தவா, புதிதாக இன்னொன்று செய்யவா?

தம்பி, அகழிப் படி, மண்டபத்து ஆம்புஷ், பாரன். இந்த மூன்றை மட்டும் திருத்துங்கள். வெளியைச் சுருக்குவதும் சுவர்ப் படங்களை நேராக்குவதும் இப்போது வேண்டாம். அப்புறம் இதை மூடிவிட்டு, மூன்றே அறையில் அடுத்ததை ஆரம்பியுங்கள். திருத்தியதை அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை ஜம்ப் இல்லாமல் ஆடி டெமோ அனுப்புகிறேன்.