தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பெண்கள் எப்போது பொறுப்புக்கு வந்தார்கள்?

பலர் நினைப்பதைவிட வெகு முன்பே. அமெரிக்க வேதியியலாளர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1870-இல் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) சேர்ந்த முதல் பெண் அவர். அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது ஆட்சேபித்தால் "அவர் எங்கள் மாணவியே இல்லை" என்று தப்பித்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான்.

1884-இல் அங்கேயே சுகாதார வேதியியல் ஆய்வகத்தில் பயிற்றுநர் ஆனார். 1887-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்க நீர்நிலைகளைச் சோதிக்கும் வேலை தொடங்கியது. பெயரளவில் பொறுப்பு பேராசிரியர் தாமஸ் டிரவுனுடையது. ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த மாதிரிகளோடு ஆய்வகத்தை அன்றாடம் நடத்தியது எல்லன்.

அதில் குளோரைடு சோதனைதான் சுவாரசியம். உப்பில் இருப்பதுதான் குளோரைடு. தண்ணீரில் துளி பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் மஞ்சளாகும். அப்புறம் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குளோரைடு தீர்ந்ததும் செம்பழுப்பு தலைகாட்டும். நம் கல்லூரி மாணவர்கள் இன்றும் செய்வதுதான். கடலோரத் தண்ணீரில் இயல்பாகவே குளோரைடு அதிகம். உள்நாட்டுக்குப் போகப் போகக் குறையும். இந்த இயல்பு அளவுகளைக் கோடுகளாக வரைந்து மாநிலத்துக்கே ஒரு வரைபடம் தயாரித்தார்கள். ஒரு கிணற்றில் அந்த இடத்துக்கான அளவைத் தாண்டினால் சாக்கடை கலக்கிறதோ என்று சந்தேகிக்கலாம், மனிதக் கழிவிலும் உப்பு உண்டே!

சரி, பதவி உயர்வு? 1911-இல் இறக்கும்வரை பயிற்றுநர்தான். பேராசிரியர் ஆக்கவேயில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது: சுகாதாரப் பொறியாளர்கள் பலர் தண்ணீரைச் சோதிக்கக் கற்றதே அவரிடம்தான்.