பி.எஸ்.பி. வந்த அப்பா: விழுவதும் புரையேறுவதும்

திருமங்கலத்தில் இருக்கும் அப்பாவுக்கு பி.எஸ்.பி. (Progressive Supranuclear Palsy: நடை, கண் அசைவு, விழுங்குவது எல்லாவற்றையும் பாதிக்கும் மூளை நோய்), பார்க்கின்சன் மாத்திரை கேட்கவில்லை, மல்லாக்க விழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த நோயில் லெவோடோபா என்ற அந்த பார்க்கின்சன் மருந்து பெரும்பாலும் அவ்வளவாக வேலை செய்யாது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கணும்.

விழுவதற்குக் கண்ணும் ஒரு காரணம். பார்வை கீழே இறங்காது, நிலைப்படி தெரியாது. கால்மிதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இலேசான வாக்கர் அவரோடு சேர்ந்து பின்னால் சாயும். முன்பக்கம் எடை வைத்தது தேவைப்படலாம், பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

அதைவிடச் சாப்பாட்டில் கவனம் வேண்டும். தட்டை ஸ்டூல் மேல் உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் சோறே கண்ணில் படாது. அண்ணாந்து தண்ணீர் குடிப்பதை (நம் ஊரில் விடுவது கஷ்டம்தான்) கட்டாயம் நிறுத்துங்கள், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். டம்ளரில் வாய் வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு மடக்காக. ரசம் சாதம் வேண்டாம். தண்ணீர் தனியாக, பருக்கை தனியாகப் பிரிந்து புரையேறும். குழையப் பிசைந்த பருப்புச் சாதம் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்காரட்டும். இருமலோடு காய்ச்சல் வந்தால் சளிதானே என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் இருக்கிறது, யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.