பழைய சீட்டுக்கு மாத்திரை கிடையாதா?

கேள்வி: அம்மாவின் தூக்க மாத்திரைக்குப் பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கலில் தர மறுக்கிறார்கள். முதல் தடவை வாங்கியபோது ஏதோ நோட்டில் பெயரும் எழுதினார்கள். ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைக்காரர் செய்தது சரிதான். 1945-ஆம் வருட மருந்து விதிகள்படி, திரும்பவும் தரலாம் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான். எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி என்று எழுதியிருந்தால் கடைக்காரர் அதன்படிதான் தரணும், ஒவ்வொரு முறையும் கடைப் பெயரையும் தேதியையும் சீட்டில் குறிக்கணும். அந்த நோட்டு எச்1 பதிவேடு; எச்1 என்பது கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியல். அல்பிரசோலம் (பதற்றம், தூக்கத்துக்குத் தரும் மாத்திரை), டிரமடால் (வலி மருந்து), சில ஆன்டிபயாட்டிக் எல்லாம் இதில் வரும். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி 3 வருஷம் வைத்திருக்கணும், மருந்து இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டணும். 2014 மார்ச்சிலிருந்து இதுதான் நடைமுறை (எல்லாக் கடையிலும் நடக்கிறதா என்பது வேறு கதை!). அடுத்த முறை டாக்டரிடமே எத்தனை தடவை வாங்கலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.