மேடையில் கையெழுத்திடும் முன்: வெளிநாட்டுச் சிந்தனைக் குழாமோடு கூட்டு சேர்வது எப்படி?

கேள்வி: ஆறு ஆய்வாளர்கள் மட்டுமே உள்ள சிறிய வெளியுறவுக் கொள்கை ஆய்வு மையம் எங்களுடையது. வெளிநாட்டுச் சிந்தனைக் குழாம் (திங்க் டேங்க்) ஒன்று ஐந்தாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்த வரைவை அனுப்பியிருக்கிறது. "கூட்டு ஆய்வு, ஆய்வாளர் பரிமாற்றம், கூட்டு வெளியீடு" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் அவர்களுடைய மாநாட்டு மேடையில் கையெழுத்திட வேண்டுமாம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் மேற்கோள் காட்டிய வரி ஏறக்குறைய எல்லா வரைவுகளிலும் இருக்கும். யார் எழுதுவது, யார் செலவு செய்வது, எப்போது முடிப்பது, கருத்து வேறுபட்டால் யார் சொல் நிற்கும் என்பவை எழுதப்படாத ஒப்பந்தம் படம் எடுத்துக்கொள்ளத்தான் உதவும். இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பிறகு பேச்சு நின்றுவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரு சிறிய வேலை, பிறகு ஒப்பந்தம். 90 நிமிட இணையவழி வட்டமேசை ஒன்று போதும். 12 முதல் 15 பேர், இரு தரப்பிலும் தலா ஒரு முதன்மைப் பேச்சாளர், இரண்டு வாரத்துக்குள் மூன்று பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பு சொன்ன நாளில் வருகிறதா, திருத்தம் கேட்டால் எப்படிப் பதில் எழுதுகிறார்கள் என்பதிலேயே மீதியைத் தெரிந்துகொள்ளலாம்.

வட்டமேசையை சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடத்துவதாகச் சொல்வார்கள். லண்டனிலுள்ள சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் உருவான இந்த விதியைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், வேறு யார் கலந்துகொண்டார்கள் என்பதை மட்டும் வெளியிடக்கூடாது. எதையுமே வெளியே சொல்லக்கூடாது என்றால் அதைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். இணையக் கூட்டம் என்றால் ஒலிப்பதிவை நிறுத்துவதோடு, அழைப்பில் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் ஏஐ செயலிகளையும் வெளியேற்றுங்கள். இப்போதெல்லாம் பெயர்கள் கசிவது அந்த வழியாகவும்தான்.

கூட்டாளியைப் பற்றி விசாரிக்கும்போது, "அரசுத் தொடர்பு உண்டா?" என்று மட்டும் கேட்டால் பயன் குறைவு. பெர்லினிலுள்ள எஸ்டபிள்யூபி என்ற வெளியுறவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் அடிப்படை நிதி ஜெர்மன் சான்சலர் அலுவலகத்தின் ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. பெய்ஜிங்கின் சிஐஐஎஸ் என்ற ஆய்வு நிறுவனம், சீன வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இரண்டும் அரசுப் பணத்தில் இயங்குபவைதான். ஆனால் தங்கள் அரசை விமர்சிக்க ஆய்வாளருக்கு உள்ள இடம் ஒன்றல்ல. கடந்த மூன்றாண்டு நிதியளித்தோர் பட்டியல், ஆட்சிக்குழு உறுப்பினர் பெயர்கள், சொந்த அரசின் கொள்கையை மறுத்து அவர்கள் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். மூன்றாவது கோரிக்கைக்கு வரும் பதில்தான் அதிகம் சொல்லும்.

கூட்டு வெளியீடு பெரும்பாலும் ஒப்புதல் அதிகாரத்தில்தான் சிக்குகிறது. "இரு தரப்பின் ஒப்புதலோடு வெளியிடப்படும்" என்ற வரி வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள். அது ஒவ்வொரு தரப்புக்கும் தடுப்பதிகாரம் தருகிறது. கட்டுரை மாதக்கணக்கில் யாரோ ஒரு இயக்குநரின் மேசையில் கிடக்கும். அதற்குப் பதிலாக, தகவல் பிழைகளைச் சுட்டிக்காட்ட 10 வேலை நாள், பதில் வராவிட்டால் வெளியிடலாம், முடிவுகளுக்கு எழுதியவர்களே பொறுப்பு என்று எழுதுங்கள். எல்லைத் தகராறு போன்ற விஷயத்தில் ஒரே கட்டுரையில் இருவரையும் கட்டிப்போடவே வேண்டாம். பொதுவான ஒரு முன்னுரை, அதன்கீழ் தனித்தனியாக 1,500 சொற்களில் இரண்டு கட்டுரைகள். இருவரும் ஒப்புக்கொள்ளும்வரை மழுக்கப்பட்ட ஒற்றைக் கட்டுரையைவிட இது வாசகருக்கும் பயன்படும்.

வரைபடங்களையும் கடற்பெயர்களையும் முதல் நாளே பேசிவிடுங்கள். ஒரே கடலுக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறு. ஜப்பான் கடலா, கிழக்குக் கடலா? பாரசீக வளைகுடாவா, அரபு வளைகுடாவா? அச்சுக்குப் போகும் வாரத்தில் இந்தச் சண்டை வந்தால் வேலையே நின்றுவிடும். இந்தியாவில் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறான எல்லைகளோடு நாட்டின் வரைபடத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. கூட்டாளிகள் வெவ்வேறு நாட்டவர் என்றால் வரைபடமே இல்லாமல் வெளியிடுவதுதான் பெரும்பாலும் நல்லது.

இனி பணம். திட்ட நிதியை யார் பெற்று யாருக்குப் பிரித்துத் தருவது என்பதை இரு நாட்டுச் சட்டங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. இந்திய அமைப்பை நிதித் தலைமையாக வைத்து, அதன்வழி மற்றவர்களுக்குப் பணம் போவதாகத் திட்டமிட்டால் அங்கேயே முடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்போ மறைமுகச் செலவுக்கு (வாடகை, நிர்வாகம் போன்றவை) 25 சதவீத நிலையான விகிதம் தருகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே பட்ஜெட்டில் வைத்துப் பார்த்தாலே இடைவெளி புரியும். எந்த நாணயத்தில் கணக்கு, மாற்று விகித இழப்பு யாருடையது, எத்தனை தவணை என்பதையும் எழுதுங்கள். முழுத் தொகையும் வேலை முடிந்த பின்தான் என்றால் ஆறு பேர் கொண்ட மையம் தாங்காது. தொடக்கத்தில் 40 சதவீதமாவது கேளுங்கள்.

உங்கள் கூட்டாளிக்குப் பின்னால் ஓர் அரசு இருந்து, நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களையோ அதிகாரிகளையோ சந்தித்து அறிக்கையை விளக்குவதாகத் திட்டம் இருந்தால், வெளிநாட்டுச் செல்வாக்குப் பதிவுச் சட்டங்கள் (வெளிநாட்டு அரசுக்காகச் செயல்படுவோர் பதிவு செய்துகொள்ளக் கோருபவை) குறுக்கே வரலாம். அமெரிக்காவில் 1938 முதலும், ஆஸ்திரேலியாவில் 2018 முதலும், பிரிட்டனில் 2025 ஜூலை முதலும் இவை நடைமுறையில் உள்ளன. அந்த நாடுகளில் வேலை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். மின்னஞ்சலில் கூட்டாளி தரும் உறுதிமொழி போதாது. வெளிநாட்டு அரசுகளிடமிருந்து அமெரிக்கச் சிந்தனைக் குழாம்கள் பெற்ற நிதியைப் பற்றி 2014-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது, நார்வே போன்ற ஜனநாயக நாடுகளின் நிதியும் கேள்விக்குள்ளானது. நிதி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் என்றாவது செய்தித்தாளில் வரும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

ஆய்வாளர் பரிமாற்றத்துக்கு விசா வகை, மருத்துவக் காப்பீடு, தங்குமிடம் ஆகிய மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று எழுதினால் போதும். அழைப்புக் கடிதம் குறைந்தது எட்டு வாரத்துக்கு முன் வேண்டும்.

இந்த ஒரு கூட்டாளியையே நம்பியிருக்கவும் தேவையில்லை. ஜி20 நாடுகளின் சிந்தனைக் குழாம்கள் 2012 முதல் கூடும் டி20 (திங்க் 20), ஆசிய பசிபிக் பாதுகாப்பு பற்றி 1993 முதல் இயங்கும் சிஎஸ்சிஏபி போன்ற வலையமைப்புகள் சிறிய மையங்களுக்கு எளிய நுழைவாயில். டி20-க்காக வெளிநாட்டு ஆய்வாளரோடு ஒரு கொள்கைக் குறிப்பு எழுத ஒப்பந்தமே தேவைப்படாது.

மேடைக் கையெழுத்துக்கு வருவோம். மறுத்தால் அவர்களுக்கு மனக்கசப்பு. ஒப்புக்கொண்டால் உங்களுக்கு ஐந்தாண்டுப் பிணைப்பு. ஒரு பக்க விருப்பக் கடிதம் ஒன்றை நீங்களே எழுதி அனுப்புங்கள்: சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஓராண்டு மட்டும், தானாகப் புதுப்பிக்கப்படாது, 60 நாள் முன்னறிவிப்பில் விலகலாம், சின்னத்தையும் பெயரையும் ஒவ்வொரு முறையும் எழுத்துவழி அனுமதி பெற்றே பயன்படுத்த வேண்டும், முதல் வேலை இன்ன தேதியில் வட்டமேசை. அதை மேடையில் கையெழுத்திடத் தடையில்லை. "ஐந்தாண்டு ஒப்பந்தம்தான் வேண்டும்" என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், முதல் வேலைக்கான தேதியையும் செலவையும் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் மாநாட்டுக்குப் போய்க் கலந்துகொள்ளுங்கள், கையெழுத்து வேண்டாம்.