ரீடிங்கைவிடச் சுமந்த சுமை முக்கியம்: பழைய லோடு வண்டி கேள்வி-பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், ஏசி மெக்கானிக் என்று சொந்தத் தொழில் செய்பவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். எல்லாமே பழைய சின்னச் சரக்கு வண்டியைப் பற்றியவை.

உசிலம்பட்டியில் தச்சு வேலை செய்கிறேன் அண்ணே. மதுரையிலிருந்து பிளைவுட் ஏற்றிவர ஒரு டாடா ஏஸ் பார்த்துவைத்திருக்கிறேன். 2017 மாடல், ரீடிங் 62,000தான். வாங்கலாமா?

தம்பி, முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. சாதாரண ஏஸின் பின்பாடி ஏழு அடிக்குச் சற்றுக் கூடுதல்தான். ஷீட்டைப் படுக்கவைத்தால் பின்கதவு மூடாது, நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எடையையும் பாருங்கள். 18 மி.மீ. ஷீட் ஒன்று சுமார் 30 கிலோ வரும். 25 ஷீட் ஏற்றினாலே முக்கால் டன், ஏஸின் அளவு அங்கேயே முடிந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை பத்து ஷீட் என்றால் ஏஸ் போதும். தினமும் ஏற்றுவதாக இருந்தால் அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா போன்ற எட்டடிக்குக் குறையாத பாடி உள்ள வண்டியைப் பாருங்கள்.

அடுத்து ரீடிங். தினமும் ஓடிய 2017 வண்டிக்கு 62,000 மிகவும் குறைவு. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர்கள் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளத்து, சீட் குழிந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். பழைய சர்வீஸ் பில்லைக் கேட்டு, அதில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை ஒப்பிடுங்கள்.

நான் இதைவிடப் பெரிதாக நினைப்பது, வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது என்பதை. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூவும் காய்கறியும் கொண்டுவந்த வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் வாங்கலாம். செங்கல், எம்சாண்ட், மேலூர்ப் பக்கத்துக் கல் என்று அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி பாதி தூரத்திலேயே களைத்திருக்கும். விற்பவர் சொல்லாவிட்டாலும் அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் புதிதாக ஒன்று கூட்டிச் சேர்த்திருக்கிறதா, பட்டை வளைவு இழந்து நேராகிவிட்டதா, சேஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா, பின் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சேஸில் வெல்டிங் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

வண்டியைக் காலையில், இன்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே பானட் சுட்டால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, புகை குப்பென்று வந்தால் இன்ஜின் போர் வேலை (தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்வது) கேட்கிறது என்று பொருள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன், அண்ணாநகர். வெள்ளை போர்டு ஆம்னி ஒன்று பின் சீட் எல்லாம் கழற்றி ரேக் அடித்தே கிடைக்கிறது. வசதியாக இருக்குமே?

வேலைக்கு வசதிதான், சட்டத்துக்குத்தான் இடிக்கும். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) ஐந்து பேர், எட்டுப் பேர் என்று இருக்கும் சொந்த உபயோக வண்டியில் சீட்டைக் கழற்றி சரக்கு வண்டியாக்குவது அனுமதி இல்லாத மாற்றம். பிடித்தால் அபராதம் என்பதோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அதையே காரணம் காட்டிக் கையை விரிப்பார். எனக்கு அதுதான் பெரிய கவலை. சரக்கு வண்டியாகவே பதிவான ஈகோ கார்கோ, மஞ்சள் போர்டில், தேடுங்கள். மழையில் ஒயர் கட்டு நனையாது, இரவில் பூட்டிவிட்டுப் போகலாம். ஆம்னி 2019-ல் தயாரிப்பு நின்றுபோனது என்பதையும், 15 வருடம் நெருங்கிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேஸ் கிட் மாட்டியிருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கத்து வண்டி நம்ம ஊர் விலையைவிட நாற்பதாயிரம் குறைவாக வருகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று உப்பு. மீன், ஐஸ் ஏற்றிய வண்டியில் உப்புத் தண்ணீர் வடிந்து பாடித் தகட்டையும் பிரேக் குழாயையும் அரித்துவிடும். மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்தால் தெரியாது. அதனால் கீழிருந்து ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, 2023 டிசம்பர் வெள்ளம். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு இருந்தால் வண்டி மூழ்கியது. டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் மங்கல், கால்மிதி விரிப்புக்குக் கீழே வண்டல் வாடை இவையும் அதைத்தான் சொல்லும். டி.என். 69, 72 என்று தூத்துக்குடி, திருநெல்வேலி எண் போட்டவை எல்லாமே கெட்ட வண்டி என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் நம் செல்லூரிலும்தான் தண்ணீர் நின்றது. உள்ளூர் வண்டியையும் இதேபோல் பாருங்கள்.

திருமங்கலம். என் வீட்டுக்காரர் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார். வண்டிக்காரர், "பேர் அப்புறம் மாத்திக்கலாம், மீதி டியூவை நீங்க கட்டிக்கோங்க" என்கிறார். விலை குறைவாக இருப்பதால் இவருக்கு ஆசை.

வேண்டாம்மா, உங்கள் வீட்டுக்காரரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். நீங்கள் ஒழுங்காகப் பணம் கொடுத்து, வண்டிக்காரர் அதை பைனான்ஸ் கம்பெனிக்குக் கட்டாவிட்டால் பைனான்ஸ்காரர் உங்கள் வாசலில் இருந்துதான் வண்டியை எடுத்துப்போவார். முதலில் அவர் கடனை அடைத்து பைனான்ஸ் கம்பெனியிடம் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியில் ஹெச்பி, அதாவது கடன் குறிப்பை, கேன்சல் செய்ய வேண்டும். அதன்பின் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். அவருடைய நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

வண்டிக்காரருக்கும் இதில் ஆபத்து உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ், கடன், பாக்கி சலான் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டுமா?

வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பேட்ஜ் என்ற தனி அனுமதி வேண்டாம், கார் லைசென்ஸே போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. 3,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டி என்றால் பெர்மிட்டும் தேவையில்லை. ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி சர்வீஸ் வேலை, ஊருக்குள் மட்டும் தினமும் முப்பது கிலோமீட்டர். டீசலா, சிஎன்ஜியா?

உங்களுக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசலில் புகை வடிகட்டி இருந்தால், சின்னச் சின்ன ஓட்டத்தில் அது சூடாகாமல் அடைத்துக்கொள்ளும். சரிசெய்யப் பெரிய செலவு. பெட்ரோலோ சிஎன்ஜியோ போதும். சிஎன்ஜி என்றால் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. கடைசித் தேதி சிலிண்டர் தகட்டில் இருக்கும், பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலி வண்டியை ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. நீங்கள் வழக்கமாக ஏற்றும் சாமானில் பாதியாவது ஏற்றிக்கொள்ளுங்கள். தல்லாகுளத்திலிருந்து நத்தம் ரோட்டில் போகும் மேம்பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சிக்னல் இல்லை, சோதிக்க நல்ல இடம். ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போது பின்னாலிருந்து ஊளைச் சத்தம் மாறி மாறி வந்தால் பின் அச்சில் உள்ள கிரவுன் பல்சக்கரத்தில் வேலை இருக்கிறது. ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. அப்புறம் ஆளில்லாத ஒரு சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுப் பாருங்கள், சுமையோடு நிற்க வேண்டும். சாமான் ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.